மழை பெய்தால் நிற்கிற கார்

கனிஷாயின் கார் ஓடவும் மாட்டேன், ஒரேயடியாகப் படுக்கவும் மாட்டேன் என்று அந்த வசந்தம் முழுக்க எங்கள் வாசலிலேயே கிடந்தது. ஜெர்மனியில் யார் யாரோ ஓட்டிச் சலித்த கார். எல்லைகள் தாண்டி எங்கள் மலையடி ஊரான கரகோலுக்கு வந்து, கனிஷாயின் புருஷன் கையில் கொஞ்ச காலம் இருந்து, அவன் மாரடைப்பில் போனதும் இவள் கைக்கு வந்தது. வெயிலடித்தால் பந்தயக் குதிரை மாதிரி ஓடும். நாலு தூறல் விழுந்தால் நடுரோட்டில் நின்றுவிடும். கரகோலில் தூறலுக்கா பஞ்சம்? நின்றதும் யாராவது ஒருவன் கயிறு கட்டி இழுத்துவந்து எங்கள் கேட்டுக்கு முன்னால் விட்டுவிட்டுப் போவான். உள்ளேயிருந்து கனிஷாய் இறங்கி என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவாள். "அண்ணே, மறுபடியும் மக்கர் பண்ணுதுண்ணே" என்பாள். அந்த 'அண்ணே'யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளை அழகி என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. மலையடியில் பசு வைத்திருக்கிறாள். பாலேட்டைத் திரட்டி, கைமாக்காக ஜாடியில் அடைத்து, பஜாரில் விற்கிறாள். கையும் முகமும் அவள் விற்கிற சரக்கு மாதிரியே இருக்கும். என் கையில் ஈயம் தெறித்த தழும்புகள்; நகத்துக்குள் எந்த சோப்புக்கும் அசையாத கறுப்பு. யாரும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. நானேதான் பார்த்தேன், பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன்.

எங்கள் வீட்டு முற்றமே பட்டறை. என் வீட்டுக்காரர் பெயர் ஜூமாதில். அவர் எஞ்சின் பார்ப்பார், நான் கரண்ட் பார்ப்பேன். ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, வயரிங் எல்லாம் என் பொறுப்பு. பாதி வேலை என்னுடையது, பட்டறையின் பெயர் முழுக்க அவருடையது. அதற்கு இப்போது வருத்தமில்லை. கல்யாணமான புதிதிலேயே அழுது தீர்த்துவிட்டேன். எந்தக் கார் வந்து நின்றாலும், வயர் சம்பந்தப்பட்டது என்று சந்தேகம் வந்துவிட்டால் போதும், "புருலு, இங்க வா" என்று குரல் கொடுப்பார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தாலும் அப்படியே வரவேண்டும்.

கனிஷாயின் காருக்கு மட்டும் அந்தக் குரல் வரவேயில்லை.

"பெட்ரோல் கோளாறு" என்றார். வடிகட்டியை மாற்றினார். டாங்கைக் கழுவினார். குழாயை மாற்றினார், ஊதினார், மறுபடியும் கழட்டினார். மழைக்கு நிற்கிற காரில் பெட்ரோல் கோளாறு எங்கிருந்து வரும் என்று தொழில் தெரிந்த எவளும் கேட்பாள். நான் கேட்கவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பார்க்கப் பார்க்க எரிந்தது. என்னோடு பேசும்போது வார்த்தைக்கு வரி கட்டுகிற மாதிரி "ம்", "ம்ஹூம்" என்று முடித்துக்கொள்கிற மனிதர், அவளிடம் கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ராணுவத்தில் இருந்தபோது லாரியைப் பனியில் தொலைத்த கதை. எனக்கே தெரியாத கதை. அவள் கார் கதவில் சாய்ந்து சிரிக்கிறாள். இவர் கையில் ஸ்பானரை வைத்துக்கொண்டு, எதையும் திருகாமல் நிற்கிறார்.

பக்கத்து வீட்டு ராபியா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "என்னடி புருலு, உன் வீட்டுக்காரரு அந்தக் காரோட நெஞ்சுல காதை வெச்சுக் கேக்கறாரு? டாக்டரு கூட இவ்வளவு நேரம் பாக்க மாட்டாரே."

"உன் அடுப்புல ஏதோ தீயுது, போய்ப் பாரு."

"என் அடுப்பு அணைஞ்சு ரொம்ப நேரமாச்சு. தீயற வாசனை உங்க வீட்டுலேருந்துதான் வருது" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டாள்.

அன்று சாப்பாட்டின்போது கேட்டேவிட்டேன். "அவ கார்ல அப்படி என்னதான் இருக்கு?"

"வயசாயிடுச்சு. பழைய வண்டி."

"எனக்கும்தான் வயசாயிடுச்சு. என்னை வாரா வாரம் யாரு திறந்து பாக்கறாங்க?"

அவர் சிரிக்கவில்லை. எண்ணெயில் பொரித்த போர்சோக்கைப் பிய்த்துத் தேநீரில் நனைத்துக்கொண்டே, "எல்லாத்தையும் கோணலாவே பாக்காதே" என்றார். நான் கோணலாகப் பார்க்கிறேனாம். அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என் புருஷன். அதற்கு இந்தக் கார் ஓட வேண்டும். இங்கே திரும்பி வராத அளவுக்கு நன்றாக ஓட வேண்டும்.

வாய்ப்பு தானாகவே வந்தது. பழைய கியர்பாக்ஸ் ஒன்று வாங்க அவர் விடியற்காலையில் பாலிக்சிக்குப் போயிருந்தார். காலையிலிருந்தே மழை. எதிர்பார்த்தபடியே ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. பின்னால் கயிற்றில் கனிஷாயின் கார். லாரிக்காரன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். தலைத்துணி நனைந்து நெற்றியில் ஒட்ட, அவள் இறங்கினாள்.

"அண்ணன் இல்லையாக்கா?"

"இல்லை."

"அப்ப கார் இங்கயே நிக்கட்டும். நான் நாளைக்கு வந்து..."

"ஏன்? என் கை பட்டா உன் கார் கற்பிழந்துடுமா?"

அவள் முகம் சிவந்துபோனது. "அப்படி இல்லக்கா. டிக்கி நிறைய கைமாக் இருக்கு. பஜாருக்குப் போகலேன்னா புளிச்சுடும். போன தடவையும் கொட்டத்தான் வேண்டியிருந்தது. உங்களால முடியும்னா பாருங்க, புண்ணியமாப் போகும்."

கொட்டினாள் என்பது எனக்குப் புதுச் செய்தி. இவள் என் புருஷனைப் பார்க்கவே காரைக் கெடுத்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்திருந்தேன். எந்த வியாபாரியும் அதற்காகச் சரக்கைக் கொட்ட மாட்டாள். ஆனாலும் அந்த நினைப்பை விட எனக்கு மனசு வரவில்லை. இருவருமாகக் காரை முற்றத்துக் கொட்டகைக்குள் தள்ளினோம்.

சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் கம்பீரமாகச் சுற்றியது, ஆனால் எஞ்சின் பற்றவில்லை. அப்படியென்றால் பேட்டரியில் குறையில்லை. ஒரு பிளக்கைக் கழட்டி, வயரோடு எஞ்சின் மேல் வைத்து, அவளை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். நீலப் பொறி பட்டுப் பட்டென்று அடித்தது. பொறியிலும் குறையில்லை. மிச்சம் பெட்ரோல்.

"அண்ணனும் பெட்ரோல்னுதான் சொன்னாரு" என்றாள்.

"அண்ணன் சொன்னது இருக்கட்டும். நீ சாவியைப் பாதி திருகு. ஸ்டார்ட் பண்ணாதே. பேசாமலும் இரு."

பின் சீட்டில் ஏறிக் குனிந்து, காதைத் தாழ்த்தினேன். இந்த மாதிரிக் கார்களில் பெட்ரோல் பம்பு டாங்குக்குள் இருக்கும்; சாவியைத் திருகியதும் ஒரு தேனீ மாதிரி 'ம்ம்ம்' என்று கொஞ்சம் பாடிவிட்டு அடங்கும். ஒரு சத்தமும் இல்லை. கூரையில் மழைச் சத்தம்தான். பம்புக்குக் கரண்டே போகவில்லை. பெட்ரோல் கோளாறாம்! என் கண் முன்னாலேயே டாங்கைக் கழுவினாரே அந்த மனிதர். முதலில் எனக்கு வந்தது சிரிப்புதான். இத்தனை வருஷத் தொழிலில் இப்படியா கோட்டை விடுவார் என்று நினைத்தேன். அவர் வந்ததும் எப்படியெல்லாம் கிண்டல் பண்ணலாம் என்று வரிசையாக யோசித்துக்கூட வைத்துவிட்டேன்.

ஃபியூஸ் பெட்டி ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுகிறவர் முழங்கால் இடிக்கிற இடத்தில் இருந்தது. தரையில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே கொடுத்தேன். கனிஷாய் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அவளிடமிருந்து பால் வாசனை வந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"உங்க வீட்டுல கண்ணாடியே இல்லையா? தலைத்துணியைக் கொஞ்சம் இழுத்துக் கட்டு. வெளிச்சத்தை மறைக்குது."

"சரிக்கா."

"என்னத்துக்கு எல்லாத்துக்கும் சரிக்கா, சரிக்கான்னுட்டு? ஒரு வார்த்தை எதுத்துத்தான் பேசேன்."

"கார் நின்னு போன பொம்பளை யாரை எதுத்துப் பேச முடியும்?" என்றாள்.

டெஸ்ட் லேம்ப் என்றால் எனக்கு வேறொன்றுமில்லை, இரண்டு வயர் பற்றவைத்த ஒரு சின்ன பல்புதான். பம்பு ஃபியூஸின் ஒரு காலில் வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. மறு காலில் வைத்தேன். சாகப்போகிற தணல் மாதிரி மினுங்கியது. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தால் அது நன்றாகவே இருந்தது. அது செருகுகிற தகட்டில்தான் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. கரண்ட் அந்தக் களிம்பைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு ஃபியூஸ் மட்டும் ஏன் களிம்பேறும் என்று மேலே பார்த்தேன். ஒரு சிவப்புத் துணி முக்கோணம், உள்ளங்கையளவு, வயர்க் கொத்தோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. தூமார். திருஷ்டித் தாயத்து. தொட்டால் ஈரம். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெயில் நாளில் உப்பு காய்ந்து சும்மா இருக்கும். மழைக்காற்று பட்டால் ஈரத்தைக் குடிக்கும். குடித்ததைச் சொட்டுச் சொட்டாகக் கீழே இருக்கிற ஃபியூஸ் மேல் விடும். மழைக்குக் கார் நிற்பதன் மர்மம் அவ்வளவுதான்.

தலையை வெளியே இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். "உள்ளே ஒரு தூமார் இருக்கு. நீ வெச்சதா?"

அவள் டார்ச்சை அணைத்தாள். "ஆமாக்கா."

"உப்பா போட்டே?"

"கல்லுப்பும், திருஷ்டிக்குப் புகை போடற அதிரஸ்பான் விதையும். கண்ணாடியில தொங்கவிட்டா எல்லாரும் பாப்பாங்கன்னு உள்ளே சொருகினேன்."

"யாரு கண்ணுக்கு?"

அவள் மழையைப் பார்த்தாள். நான் விடவில்லை. "வாயைத் திற. இவ்வளவு உப்பு போட்டிருக்கேன்னா யாரையோ நெனச்சுத்தானே போட்டே?"

"கோவிச்சுக்காதீங்க. உங்க கண்ணுக்குத்தான்."

கையிலிருந்த டெஸ்ட் லேம்பைக் கீழே வைத்தேன்.

"பனி உருகற சமயம் பஜார் வாசல்ல என்னைப் பாத்தீங்க. காரைச் சுத்திச் சுத்திப் பாத்தீங்க. 'பழசா இருந்தாலும் நல்லாத்தான் வெச்சிருக்கே'ன்னீங்க. ஆனா தூ தூன்னு துப்பாமலே போயிட்டீங்க. எனக்குப் பயமாப் போச்சு. அவர் விட்டுட்டுப் போனது இந்தக் கார் ஒண்ணுதான். வீட்டுக்குப் போனதும் தூமார் தெச்சுட்டேன். ஆனா உங்க கண்ணு பட்டது பட்டதுதான். அதுக்கப்புறம்தான் கார் நிக்க ஆரம்பிச்சுது."

நான் துப்பவில்லைதான். மெச்சியதும் திருஷ்டி படாமல் இருக்கத் துப்ப வேண்டும் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்று அந்தக் காரைப் பார்த்ததும், புருஷன் இல்லாதவளுக்குக் கார் இருக்கிறது, புருஷனும் பட்டறையும் உள்ள எனக்கு ஒரு சைக்கிள்கூட இல்லை என்று நெஞ்சு புகைந்தது உண்மை. அந்தப் புகைச்சலுக்குப் பயந்து இவள் உப்பு வைத்தாள். உப்பு காரைக் கெடுத்தது. கெட்ட கார் இவளை என் வாசலுக்கு இழுத்துவந்தது. ஆக, என் வாசலில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது என் கண்தான். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துவிட்டேன். அவளும் பயந்தபடியே கொஞ்சம் சிரித்தாள். அந்த ஒரு நிமிஷம் அவளை எனக்குப் பிடித்துக்கூடப் போயிருந்தது.

தூமாரை எடுக்க மறுபடியும் உள்ளே தலையைக் கொடுத்தேன். டார்ச்சை நானே வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

தூமார் சும்மா சொருகியிருக்கவில்லை. ஃபியூஸுக்கு நேர் மேலே, வயர்க் கொத்தோடு சேர்த்து நீல டேப் சுற்றியிருந்தது. சுற்றின டேப்பின் நுனி கொஞ்சம் மடித்துவிடப்பட்டிருந்தது, அடுத்த தடவை பிரிக்க வசதியாக. ஊரில் டேப்பை அப்படி மடித்து விடுகிற மனிதர் ஒருவர்தான் எனக்குத் தெரிந்து உண்டு. அவரோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

"கனிஷாய், இந்த டேப் நீ சுத்தினதா?"

"எந்த டேப்பு? நான் சும்மா இடுக்குல சொருகினேன், அவ்வளவுதான்."

தகட்டை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். பச்சைக் களிம்புக்கு அடியில் எமரித் தாள் தேய்த்த கீறல்கள். ஒரு தடவை தேய்த்தது இல்லை. கீறலுக்கு மேல் கீறல், குறுக்கும் நெடுக்குமாக, தகடே தேய்ந்து மெலிந்துபோயிருந்தது. கார் வந்த ஒவ்வொரு முறையும் தேய்த்திருக்கிறார். தேய்த்துவிட்டு, தூமாரைப் பழையபடி அதன் தலைக்கு மேலேயே கட்டிவைத்திருக்கிறார். அடுத்த மழைக்குக் கார் நிற்கட்டும் என்று கட்டிவைத்திருக்கிறார். வடிகட்டியும் டாங்கும் குழாயும் ஜன்னலில் நின்ற எனக்காகக் காட்டிய வேடிக்கை.

என் மனிதர் கோட்டைவிடவில்லை. கோளாறு எது என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணன் உன்கிட்ட என்ன சொன்னாரு?" என்று உள்ளே இருந்தபடியே கேட்டேன். என் முகத்தை அவள் பார்க்க வேண்டாம் என்றிருந்தது.

"பழைய வண்டி, இப்படித்தான் இருக்கும், அப்பப்போ கொண்டுவந்து காட்டுன்னாரு. வேற பட்டறைக்குப் போகாதே, கெடுத்துடுவாங்கன்னாரு. உங்ககிட்டயும் காட்ட வேண்டாம்னாரு. உங்களுக்கு வேலை ஜாஸ்தியாமே."

எனக்கு வேலை ஜாஸ்தியாம்! அவள் மேல் கோபமாக இருந்த நாட்களெல்லாம் எவ்வளவு சுகமான நாட்கள் என்று அந்த ஸ்டீயரிங்குக்கு அடியில் படுத்துக்கொண்டு நினைத்தேன். வெளியிலிருந்து ஒருத்தி வந்து என் புருஷனை இழுக்கிறாள் என்றால் கேட்டைப் பூட்டிக்கொள்ளலாம். இவர் அல்லவா கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்தது. மல்லாந்து படுத்திருந்ததால் அது காதுக்குள் இறங்கியது.

அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய் வரை வந்தது. உன் கைமாக் புளித்தது யாரால் தெரியுமா என்று. சொன்னால் அவள் மானஸ்தி, இனி இந்தத் தெருப்பக்கமே வரமாட்டாள். ஆனால் ஓர் ஆண் உன்னைப் பார்ப்பதற்காகவே காரைக் கெடுத்துவைத்திருந்தான் என்று நானே அவளிடம் சொல்வதா? அதைக் கேட்டு அவள் திட்டுவாள், சரி. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு? ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்துக்கொள்ள மாட்டாளா? எனக்காக யாரும் ஒரு திருகாணியைக்கூடக் கெடுத்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை அவளுக்கு என் கையால் கொடுக்க எனக்கு மனமில்லை. விழுங்கிக்கொண்டேன்.

மெலிந்த தகட்டை விட்டுவிட்டு, பம்புக்குத் தனியாகப் புது வயர் இழுத்தேன். புது ஃபியூஸ் கூடு வைத்து, ஈயம் பற்றவைத்து, தண்ணீர் இறங்காத உயரத்தில் கட்டினேன். ஒரு நீலப் பிசிறுகூட மிச்சம் வைக்காமல் அந்த டேப்பை உரித்தேன். சாவியைத் திருகியதும் பின்னால் பம்பு பாடியது. எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

"அக்கா!" என்று கத்திக்கொண்டு அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் விறைத்து நின்றேன். டிக்கியைத் திறந்து ஒரு ஜாடியை என் கையில் திணிக்க வந்தாள்.

"விக்கற பொருளை வீசாதே. பஜாருக்குக் கிளம்பு."

"இனிமே நிக்காதுல்லக்கா?"

"நிக்காது. நின்னா என்னைக் கூப்பிடு. என்னை மட்டும் கூப்பிடு." அவசரத்தில் அந்தத் தூமாரைத் திருப்பிக் கொடுக்க மறந்தேன். மறந்தேன் என்றா சொன்னேன்? கொடுக்கவில்லை. கார் வளைவில் திரும்பும்போது, ராபியா பார்த்தால் பார்க்கட்டும் என்று, தெருவில் இறங்கி நின்று அதன் திசையில் தூ தூ என்று துப்பினேன்.

அவர் பிற்பகலில் வந்தார். கியர்பாக்ஸை இறக்கிவைத்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கொட்டகையைப் பார்த்தார், அப்புறம் தெருவைப் பார்த்தார்.

"மழை பலமா இருந்துதே. கனிஷாய் வரலையா?"

"வந்தா. போயிட்டா."

"கார்?"

"ஓட்டிட்டுப் போனா."

உள்ளே வந்து விரிப்பில் உட்கார்ந்தார். நான் ரொட்டியை வைத்தேன், வெண்ணெயை வைத்தேன். அதற்கு நடுவில் தூமாரை வைத்தேன். பக்கத்திலேயே, சுருண்டு கிடந்த நீல டேப். நுனி மடிப்பு அப்படியே இருந்தது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மடிந்திருந்த அந்த டேப் நுனியை விரலால் நீவினார். அவர் பொய் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சுமாரான ஒரு பொய்யாக இருந்தாலும் நம்பத் தயாராக இருந்தேன். தாயத்தை எடுத்தால் ஆகாது என்று விட்டுவைத்தேன் என்று சொன்னால் போதும், சண்டை போட்டு, அழுது, அதோடு விட்டிருப்பேன்.

"நீ ஏன் அதுல கை வெச்சே?" என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எதையோ தொலைத்தவர் குரலில் சொன்னார்.

நான் கெட்டிலை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் கிண்ணத்தில் பாதிதான் தேநீர் ஊற்றுவோம். தீரத் தீர மறுபடியும் ஊற்றுவோம். இன்னும் கொஞ்சம் இரு என்று அதற்கு அர்த்தம். நிறைய ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம். வேண்டாத விருந்தாளிக்கு அப்படி ஊற்றுவதுண்டு. கட்டின புருஷனுக்கு யாரும் ஊற்றிப் பார்த்ததில்லை.

பாதி வந்ததும் வழக்கம்போல அவர் கையை நீட்டினார். நான் நிறுத்தவில்லை. தேநீர் ஏறி விளிம்பைத் தொட்டு, இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் வழிந்துவிடும் என்று நின்றது.

"புருலு" என்றார்.

"குடிங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. அந்தக் கிண்ணத்தைக் கொட்டாமல் தூக்க முடியாது. அவர் குடிக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. நான் கெட்டிலைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.